தந்தியை அழுத்தாத கை

இலங்கை வானொலியில் செய்திக்கு இன்னும் இரண்டு நிமிடம் கிடக்கும். ஒரு பாட்டு முடிந்துவிட்டது. இன்னொன்றைப் போட நேரம் காணாது. அறிவிப்பாளர் எதுவும் சொல்லாமல் ஓர் இசைத்தட்டைச் சுழலவிடுவார். கேட்டுப் பழகிய சினிமா மெட்டு, சொற்கள் இல்லாமல், ஒரு கிட்டாரில் எழும். ஒரு சுரத்தில் தொடங்கி, படிகளே இல்லாத வழியில் அடுத்த சுரத்துக்கு ஏறி, அங்கே மெல்ல அசைந்து நிற்கும். சரணம் பிறக்கும் வேளையில் ஒலியைக் குறைத்துவிடுவார்கள். நேரமணி அடிக்கும். செய்தி தொடங்கிவிடும்.

கண்டி நகரத்திலும் ஹந்தானை, கலஹா, கம்பளைப் பக்கத்துத் தோட்டங்களிலும் வானொலிப் பெட்டியைச் சுற்றி வளர்ந்த தலைமுறைகளுக்கு ஹவாயன் கிட்டார் அறிமுகமானது இப்படித்தான். கே. எஸ். ராஜாவும் பி. எச். அப்துல் ஹமீதும் பாட்டுக்குப் படம், பாடியவர், இசையமைத்தவர் என்று எல்லாப் பெயரும் சொன்னார்கள். நேயர் விருப்பத்தில் பாட்டுக் கேட்டவர்களின் பெயர்ப் பட்டியலைக்கூட ஒன்று விடாமல் வாசித்தார்கள். நேரத்தை நிரப்ப வந்த கிட்டாருக்கு மட்டும் பெரும்பாலும் பெயர் இருக்கவில்லை. அதனால் அதை ஒரு வாசிப்பாக நாம் கேட்கவே இல்லை. ஒலி காதில் விழுந்தது, மனதை எங்கேயோ தொட்டது, அதற்குப் பின்னால் ஒரு மனிதரின் கை இருந்தது என்ற நினைப்பு வரவில்லை.

அந்தக் கையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஸ்டீல் கிட்டார் என்றும் அழைக்கப்படும் இந்த ஹவாயன் கிட்டாரை வாசிப்பவர் ஒருவரின் உணர்ச்சி எங்கே இருக்கிறது, அதை எப்படிக் காதால் பிடிப்பது என்பதை நம்முடைய செவியை வைத்தே சொல்லிப் பார்க்கலாம். அந்தச் செவி நமக்கு ஏற்கெனவே இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

பேராதனையில் தொடங்கிய அலை

அந்த ஒலி நம் வீட்டுக்கு வந்த வழியில் கண்டிக்கே ஒரு பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஏப்ரலில், தென்கிழக்காசிய நேசப்படைகளின் தளபதி மவுண்ட்பேட்டன் பிரபு தன் தலைமையகத்தை டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் மரங்களுக்கு நடுவே படை அலுவலகங்கள் எழுந்தன. அந்தப் படைப்பிரிவின் வீரர்களுக்காகக் கொழும்பிலிருந்து 'றேடியோ சீயக்' என்ற நிலையம் ஒலிபரப்பியது. அதன் பொருட்டு ஏக்கலையில் 100 கிலோவாட் ஆற்றலுள்ள சிற்றலை ஒலிபரப்பி நிறுவப்பட்டது. போர் முடிந்து, 1949இல், இதெல்லாம் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. இந்தச் சிறிய தீவின் குரல் பஞ்சாப் வரைக்கும் போனதற்கு அந்த ஒலிபரப்பிதான் காரணம்.

1952இல் இந்தியாவில் தகவல், ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடமில்லாமல் செய்தார். இந்திய நேயர்கள் வானொலி முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். 1957இல் விவித பாரதி தொடங்கும்வரை அவர்களுக்குச் சினிமாப் பாட்டென்றால் கொழும்புதான். பம்பாய், கல்கத்தா இசைத்தட்டுக் கம்பனிகள் பாட்டுகளை வெளியிட்டதோடு, அதே மெட்டுகளை வாத்தியத்தில் வாசித்த தட்டுகளையும் வெளியிட்டன. அவற்றில் ஹவாயன் கிட்டாருக்குத் தனி மவுசு. லக்னோவிலிருந்து வந்த வான் ஷிப்லி, கல்கத்தாவின் சுனில் கங்குலி, கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாமின் மகன் காஜி அனிருத்தா. வான் ஷிப்லி மைஹரில் உஸ்தாத் அலாவுதீன் கானிடம் பயின்றவர், வயலினும் வாசிப்பார். பம்பாய்ப் படவுலகத்தில் பேரோடு இருந்து 2008இல் மறைந்தார். நாம் பெயர் தெரியாமல் கேட்டவற்றில் பல இவர்களுடைய வாசிப்பாகத்தான் இருக்கவேண்டும். சிங்களப் பாடல்களைக் கேட்டவர்களுக்குப் பாட்ரிக் தெனிப்பிட்டியவின் ஹவாயன் கிட்டார் தெரியும். இந்த வாத்தியத்துக்கென்றே இலங்கையில் பெயர் எடுத்தவர் அவர்.

வாத்தியம் ஹவாய்க்குச் சொந்தமானது. ஓவாஹு தீவின் லாயியே என்ற ஊரைச் சேர்ந்த ஜோசப் கெகூகு, 1880களின் பிற்பகுதியில், பாடசாலை மாணவனாக இருந்தபோதே தந்தியின்மேல் இரும்பை வழுக்கவிட்டு வாசிக்கும் முறையைக் கண்டுபிடித்தார் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. இதில் நமக்கு ஆர்வம் தரும் துணைக்கதை ஒன்றும் உண்டு. கேப்ரியல் டேவியன் என்ற, இந்தியாவில் பிறந்த இளைஞர் அதே காலத்தில் ஹொனலூலுவில் இப்படி வாசித்ததாக ஒரு பழைய கூற்று இருக்கிறது. தந்தியின்மேல் கட்டையை வழுக்கி வாசிக்கும் கோட்டுவாத்தியம் இருந்த நாட்டிலிருந்து போனவர் என்பதால், இந்தியாவிலிருந்துதான் இது ஹவாய்க்குப் போனது என்று சொல்ல நம்மவர்களுக்கு ஆசை வரும். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் இந்த வரலாற்றை ஆழமாகத் தோண்டி 2016இல் நூல் எழுதிய ஜோன் டிரவுட்மன், கெகூகுவின் பக்கமே நிற்கிறார். அதை ஏற்றுக்கொள்வதே நியாயம்.

1893இல் ஹவாயின் அரசி லிலியுயோகலானியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1898இல் அமெரிக்கா தீவுகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1904இல் ஊரைவிட்டுப் புறப்பட்ட கெகூகு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாசித்துத் திரிந்து, 1932இல் அந்நிய மண்ணிலேயே இறந்தார். ஸ்டீல் கிட்டாரோடு உலகம் முழுக்கப் போன 'அலோஹா ஓயே' என்ற பாட்டை இயற்றியவர் அந்த அரசியேதான். 1815இல் அரசை இழந்து, தன் அரசன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டதைப் பார்த்த கண்டியில் இருந்துகொண்டு இதை வாசிக்கும்போது, கடற்கரை விருந்துக்கான இசை என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்ட ஒலியில் வேறொரு கனம் இருப்பது நமக்குச் சட்டென்று புரியும்.

இந்தியாவுக்கு இந்த வாத்தியத்தை ஆழமாகக் கொண்டுசேர்த்தவர்களில் டவு மோ முக்கியமானவர். கெகூகுவின் லாயியேயிலேயே வளர்ந்தவர். மனைவி ரோஸுடனும் பிள்ளைகளுடனும் பல தசாப்தங்கள் உலகைச் சுற்றிய குடும்பம் அது. 1940களில் கல்கத்தாவில் நெடுங்காலம் தங்கி, கிராண்ட் ஹொட்டேலில் வாசித்தார்கள். டவு மோ 2004இல், தொண்ணூறைக் கடந்த வயதில், லாயியேயில் காலமானார். கல்கத்தா இன்றுவரை ஹவாயன் கிட்டார் நகரமாக இருப்பதில் அந்தக் குடும்பத்துக்குப் பங்கு உண்டு.

ஒலி தேயும்போது நடப்பது

சாதாரணக் கிட்டாரில் இடக்கை விரல் தந்தியை, பலகையில் குறுக்கே பதித்த மெட்டு என்ற கம்பிக்கு அருகில் வைத்து அழுத்துகிறது. சுரம் எங்கே விழவேண்டும் என்று மெட்டே தீர்மானித்துவிடும். விரல் சற்று முன்பின்னாக இருந்தாலும் சுருதி பெரிதாகப் பிழைக்காது. ஸ்டீல் கிட்டாரில் அந்தத் துணை கிடையாது. வாத்தியம் மடியிலோ மேசையிலோ மல்லாந்து கிடக்கும். தலைப்பக்கத்து நட் உயர்த்தப்பட்டிருப்பதால் தந்திகள் பலகையைவிட்டு எட்டி நிற்கும். இடக்கையில் வழவழப்பான ஓர் இரும்புக் கட்டை. அது தந்தியைத் தொடவேண்டும், அழுத்தக்கூடாது. அழுத்தினால் தந்தி தாழ்ந்து சுருதி ஏறிவிடும். தொடுகை போதாவிட்டால் கறகறவென்று இரையும். இரண்டுக்கும் நடுவே உள்ள எடையைக் கை தானே கண்டுபிடிக்கவேண்டும். பலகையிலுள்ள மெட்டுகள் வெறும் கோடுகள்; கண்ணுக்கு வழி காட்டும், காதுக்கு உதவாது.

கட்டைக்குப் பின்னால் மிஞ்சும் தந்தித் துண்டும் அதிரும். அந்த வேண்டாத ஒலியை அடக்க, மோதிர விரலும் சுண்டு விரலும் தந்திகளைத் தொட்டபடியே கட்டையோடு கூடப் போகும். நல்ல வாசிப்பில் இந்த இரண்டு விரல்களின் உழைப்பை யாரும் கவனிப்பதில்லை. அவை தவறினால் மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

வலக்கையின் கட்டைவிரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் மீட்டுக்கூடு மாட்டியிருப்பார்கள். தந்திகளைத் தாங்கும் பாலத்துக்கு அருகில் மீட்டினால் ஒலி கூராக வரும். நடுப்பக்கம் நகர நகரக் கனிந்து வரும். ஒரே சொற்றொடரை இரண்டாம் தடவை வாசிக்கையில் கையை இரண்டு விரற்கடை நகர்த்தியே அதன் நிறத்தை மாற்றிவிடும் கலைஞர்கள் இருக்கிறார்கள்.

இப்போது நான் முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். மீட்டிய தந்தியின் ஒலி அந்தக் கணத்திலிருந்தே தேயத் தொடங்குகிறது. வயலினில் வில் ஓடிக்கொண்டிருக்கும், நாதஸ்வரத்தில் மூச்சு ஓடிக்கொண்டிருக்கும். சுரத்தை வேண்டிய மட்டும் வளர்க்கலாம். மீட்டும் வாத்தியத்துக்கு அந்த வசதி இல்லை. ஸ்டீல் கிட்டாரின் வழுக்கல் முழுவதும் இந்தத் தேய்மானத்துக்குள்ளேதான் நடந்து முடிகிறது. புறப்பட்ட சுரம் உரக்க இருக்கும், போய்ச் சேர்ந்த சுரம் மெலிந்திருக்கும். வெகுதூரம் போகவேண்டுமானால் ஒலி சாகுமுன் போய்ச் சேரவேண்டும். அவசரப்பட்டால் வழி கெட்டுவிடும். எவ்வளவு ஒலி மிச்சம் இருக்கிறது, எவ்வளவு தூரம் மிச்சம் இருக்கிறது என்ற கணக்கு வாசிப்பவரின் கையில் ஒவ்வொரு கணமும் ஓடிக்கொண்டே இருக்கிறது. மனதில் பாரம் உள்ளவர் பேசும்போது வாக்கியத்தின் முடிவில் குரல் இறங்கித் தணிவதைக் கேட்டிருப்போம். இந்த வாத்தியத்தின் இயற்கையே அந்த இறக்கத்தைக் கொண்டிருக்கிறது. அதனால்தான் சொல்லே இல்லாத மெட்டும் யாரோ நம்மிடம் கதைப்பதுபோல் படுகிறது.

மின்சார ஸ்டீல் கிட்டாரில் காலால் இயக்கும் ஒலிமிதியை வைத்து, தேயும் ஒலியைக் கொஞ்சம் ஏற்றிப் பிடிக்கலாம். அதில் வேறு அழகு உண்டு. என் மனம் நிற்பது அந்த உதவி அதிகம் இல்லாத வாசிப்பிடம்தான்.

பிரிஜ் பூஷண் காப்ரா

ஒருவரை மட்டும் எடுத்து முழுமையாகக் கேளுங்கள் என்றால் நான் பிரிஜ் பூஷண் காப்ராவைச் சொல்லுவேன். 1937இல் ஜோத்பூரில் பிறந்தார். வீடு இசை வீடு. தந்தை சிதார் ரசிகர், இனாயத் கானிடம் பயின்றவர். அண்ணன் தாமோதர்லால் சரோட் கலைஞர். காப்ரா படித்தது புவிச்சரிதவியல். கல்கத்தா போன இடத்தில் ஹவாயன் கிட்டாரைக் கண்டு மயங்கி அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். தந்தைக்கு அது பிடிக்கவில்லை. சாஸ்திரிய சங்கீதத்தை மட்டுமே அதில் வாசிப்பதென்றால் வைத்துக்கொள் என்ற நிபந்தனையோடு இறங்கிவந்தார். அண்ணனின் குருவான உஸ்தாத் அலி அக்பர் கானே இவருக்கும் குரு ஆனார்.

அந்தக் காலத்தில் அந்த நிபந்தனை எவ்வளவு பெரியது என்பதை யோசிக்கவேண்டும். ஹவாயன் கிட்டார் என்றால் சினிமா மெட்டும் ஹொட்டேல் நடனமும்தான். ஆலாபனையை அதில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. காப்ரா வாத்தியத்தைத் தரையில் உட்கார்ந்து வாசிக்கும் முறைக்கு மாற்றினார். சுருதிக்கும் தாளத்துக்கும் துணை தரும் சிகாரித் தந்திகளைச் சேர்த்தார். வேகத்தில் சரோடோடும் சிதாரோடும் போட்டிக்குப் போகவில்லை. மெதுவாகப் போகும் ஆலாபனையைத் தன் இடமாக ஆக்கிக்கொண்டார். ஒரு தடவை மீட்டிவிட்டு, அந்த ஒரே ஒலிக்குள் நான்கைந்து சுரங்களைத் தொட்டு வருவார். வடக்கில் மீண்ட் என்கிறார்கள், நம் சங்கீதத்தில் ஜாரு. கை எங்கும் பதறாது. கேட்கிறவருக்கு அடுத்த சுரம் எதுவென்று தெரிந்துவிடும், அது வந்து சேரும் வரை காத்திருக்க வைப்பார். அந்தக் காத்திருப்புத்தான் அவருடைய பாணி.

1967இல் எச்.எம்.வி. வெளியிட்ட 'கோல் ஒஃப் த வேலி' இசைத்தட்டில் அவர் ஷிவ்குமார் சர்மாவின் சந்தூரோடும் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடும் சேர்ந்து வாசித்தார். தபலா மாணிக்ராவ் போபட்கர். காஷ்மீர மலைச்சாரலில் ஓர் இடையனின் ஒரு நாளை, விடிகாலை முதல் இரவு வரை, ராகங்களால் சொல்லும் தட்டு அது. அப்போது மூவருமே இளைஞர்கள். பின்னால் மற்ற இருவரும் உலகப் புகழ் பெற்றார்கள். காப்ராவின் பெயர் அந்த அளவுக்குப் பரவவில்லை. அது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விடயம்.

அந்தத் தட்டில் மூன்று வாத்தியங்களையும் பிரித்துக் கேட்டுப் பாருங்கள். சந்தூரில் குச்சி தந்தியில் பட்டுத் தெறிக்கிறது. ஒவ்வொரு சுரமும் தனித்தனிப் புள்ளி. புல்லாங்குழல் மூச்சின் நீளத்துக்கு ஒரே கோடாக ஓடுகிறது. காப்ராவின் கிட்டார் புள்ளியாகத் தொடங்கிக் கோடாக முடிகிறது. மீட்டும் கணத்தில் அது சந்தூருக்கு உறவு, வழுக்கும்போது குழலுக்கு உறவு. மூன்றில் மிகக் குறைவாகப் பேசுவதும் அதுவே. மற்ற இருவரும் சொல்லி நிறுத்திய பிறகு, அவசரமில்லாமல் உள்ளே வந்து, அதே சொற்றொடரைச் சுற்றி வளைத்துச் சொல்லும். முதற்பகுதியின் ஆஹிர் பைரவ் நம் சக்கரவாகத்துக்குச் சமமானது. அதைத் தொடர்ந்து வரும் ராகங்களில் பூப் நமக்கு மோகனம். ஐந்தே சுரம்; க-வுக்கும் ப-வுக்கும் நடுவே ம கிடையாது. கட்டை அந்த வெற்றிடத்தைக் கடந்தாகவேண்டும், ஆனால் ம காதில் விழக்கூடாது. கடக்கும் வேகத்தைச் சரியாக வைத்தால்தான் ராகம் பிழைக்கும். காப்ரா அந்த இடத்தைக் கடப்பதைக் கவனித்தால், ஒரு வாசிப்பாளரின் பண்பு என்னவென்று வேறு விளக்கம் வேண்டாம்.

இந்தத் தட்டை மலைப்பக்கத்தில் கேட்பதில் எனக்குத் தனி நிறைவு உண்டு. மாவலி கங்கைப் பக்கமிருந்து பனி எழும்பி ஹந்தானைச் சரிவை மூடும் மாதங்களில், காலையில் ஜன்னலைத் திறந்துவைத்து ஆஹிர் பைரவைப் போடுவேன். காஷ்மீரத்தை நான் பார்த்ததில்லை. மேய்ச்சல் நிலத்துக்கும் தேயிலை மலைக்கும் பொருத்தமும் இல்லை. ஆனால் ஒரு சரிவிலிருந்து எதிர்ச்சரிவுக்குக் குரல் கொடுத்து, பதில் வரும்வரை நிற்கும் பழக்கம் எங்கள் தோட்டத்து ஆட்களுக்குத் தெரியும். அந்த நிற்றல் இந்த வாசிப்பில் இருக்கிறது.

நம்மிடம் இருந்த கோட்டுவாத்தியம்

மெட்டில்லாத பலகையில் உருளைக் கட்டையை வழுக்கி வாசிப்பது தமிழ்ச் செவிக்குப் புதிது அல்ல. கோட்டுவாத்தியம், இப்போதைய பெயரில் சித்ரவீணை, அதே முறைதான். திருவிடைமருதூர் சகாராமராவ் அதைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தினார். பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயர் இளமையில் அவரிடம் சங்கீதம் கற்றிருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. வாய்ப்பாட்டின் கமகத்தை அந்த வாத்தியத்திலிருந்து ஒரு பாடகர் கேட்டு எடுத்திருக்கிறார் என்றால், அது எவ்வளவு தூரம் பாடக்கூடிய வாத்தியமாக இருந்திருக்கவேண்டும்! பின்னால் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் வாசித்த கோட்டுவாத்தியத்தின் ஒலிப்பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன.

கோட்டுவாத்தியத்தையும் ஹவாயன் கிட்டாரையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு தெளிவாகும். ஹவாய் வாசிப்பில் சுரம் ஓரிடத்தில் வந்து நின்று, அங்கே சிறிதாக அசையும். கட்டையை முன்னும் பின்னும் உருட்டுவதால் வரும் அசைவு அது. சுரத்துக்கு அழகு செய்வது அதன் வேலை. நம் கம்பிதம் என்ற கமகத்தில் அசைவுதான் சுரம். தோடியின் காந்தாரத்தை அசைக்காமல் நிறுத்தினால் தோடியே இல்லை. ஆகவே நம் காது ஒரு சுரத்தைக் கேட்கும்போது, அது எங்கிருந்து வந்தது, எங்கே போகப்போகிறது என்பதையும் சேர்த்தே கேட்கப் பழகியது. கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கல்வி கேளாமலே கிடைத்திருக்கிறது. ஸ்டீல் கிட்டாரை ரசிக்க வேண்டிய முக்கியமான திறமை இதுதான்.

சோகம் மட்டும்தானா?

ஹவாயன் கிட்டார் என்றதும் அழுகை வாத்தியம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். சினிமாவில் சோகக் காட்சிக்கு அதைப் பயன்படுத்தியதால் வந்த பழக்கம். நான் அதை ஒப்புக்கொள்ளமாட்டேன். ஹவாயின் சோல் ஹோபியி 1920களிலும் 30களிலும் பதிவுசெய்த தட்டுகளில் துள்ளலும் குறும்பும்தான் நிறைந்திருக்கின்றன. அமெரிக்காவில் 'ஹவுஸ் ஒஃப் கோட்' என்ற கறுப்பின மக்களின் தேவாலயங்களில் 1930களின் பிற்பகுதியிலிருந்து ஸ்டீல் கிட்டார்தான் ஆராதனையை நடத்துகிறது. அங்கே அந்த வாத்தியம் மக்களை எழுப்பி ஆடவைக்கிறது. சோகம் வழுக்கலில் இல்லை. எந்த இடத்தில், எவ்வளவு நேரம் எடுத்து வழுக்குகிறார் என்பதில் சோகமும் வரலாம், களிப்பும் வரலாம், காப்ராவிடம் கிடைக்கும் நிதானமும் வரலாம்.

இந்த நிதானத்தை மேற்கில் தேடினால் ஜெரி பேர்டிடம் கிடைக்கும். ஒஹாயோ மாநிலத்தின் லைமா என்ற சிறுநகரத்துக்காரர். ஜிம் ரீவ்ஸ் பாடல்களை இன்றும் விடாமல் கேட்கும் கண்டிக்காரர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸின் பெயரும் தெரிந்திருக்கும். அவர் 1949இல் பதிவுசெய்த 'ஐம் சோ லோன்சம் ஐ குட் க்ரை' பாட்டில் ஸ்டீல் வாசித்தவர் பேர்ட். பாடகர் ஒரு வரியைச் சொல்லி முடித்ததும் அவர் பதில் சொல்லுகிறார். பாடிய மெட்டை அப்படியே திருப்பிச் சொல்வதில்லை; வரியின் கடைசிச் சொல் விட்ட இடத்திலிருந்து தொடங்கி, கொஞ்ச தூரம் போய், பாடகருக்கு வழிவிட்டு விலகிவிடுகிறார். 1950களில், காலால் மிதித்துத் தந்தியின் சுருதியை மாற்றும் பெடல் ஸ்டீல் வந்தபோது அந்த நாட்டுப்புற இசையின் மையமான நாஷ்வில் நகரம் முழுவதும் அதற்கு மாறியது. பேர்ட் மாறவில்லை. கையும் கட்டையும் போதும் என்று இருந்துவிட்டார். வேலை குறைந்தது. 1970களில் ஹவாய்க்கே குடிபெயர்ந்து, அந்த மண்ணின் பிள்ளைகளுக்கே அந்த வாத்தியத்தைக் கற்பித்தார். 2005இல் ஹொனலூலுவில் இறந்தார். ஹவாயர்கள் மறக்கத் தொடங்கிய ஒரு கலையை ஒஹாயோக்காரர் ஒருவர் திருப்பிக் கொடுத்தது எனக்குப் பெரிய விடயமாகப் படுகிறது.

காப்ராவும் பேர்டும் சந்தித்துக்கொண்டதாக எனக்குத் தெரிந்து பதிவில்லை. இருவரின் சங்கீதத்துக்கும் சம்பந்தமும் இல்லை. ஆனால் இருவரிடமும் ஒரே ஒழுக்கம் இருக்கிறது. எல்லாச் சுரத்துக்கும் வழுக்கிப் போவதில்லை. சில சுரங்களை நேராகவே வைத்துவிடுகிறார்கள். எல்லாவற்றையும் வழுக்கினால் எதுவும் வழுக்கலாகக் கேட்காது. நான்கு சுரம் உறுதியாக வந்தபின் ஐந்தாவதை இழுத்து எடுத்தால் அந்த ஐந்தாவது நெஞ்சில் தைக்கும். இரண்டாந்தர வாசிப்பில் நடக்கும் குற்றம் இதற்கு நேர் எதிரானது: வாத்தியம் வழுக்குகிறதே என்று எங்கும் வழுக்கி, முதல் நிமிடத்திலேயே உணர்ச்சியைத் தீர்த்துவிடுவார்கள். வானொலியின் இடைவெளிகளில் வந்த தட்டுகளிலும் அப்படிப்பட்டவை இருந்தன. வான் ஷிப்லியின் நல்ல தட்டுகளை அவற்றோடு வைத்துக் கேட்டால் யார் பாடத் தெரிந்தவர் என்று உடனே விளங்கும். பாட்டின் சொல் எங்கே பிரிகிறது, பாடகர் எங்கே மூச்சு எடுத்தார் என்பதெல்லாம் அவருடைய மீட்டலில் தெரியும்.

காப்ராவின் மாணவர்களில் கல்கத்தாவின் தேபாசிஷ் பட்டாச்சார்யா இன்று உலகம் அறிந்தவர். 1963இல் பிறந்தவர், குழந்தைப் பருவத்திலேயே ஹவாயன் கிட்டாரைத் தொட்டவர். சதுரங்கி, காந்தர்வி, ஆனந்தி என்று தன் தேவைக்கு மூன்று வாத்தியங்களை வடிவமைத்திருக்கிறார். அவருடைய வேகம் மலைக்கவைப்பது, குரு தொடாத பல இடங்களை அந்த வேகம் தொட்டிருக்கிறது. விஷ்வ மோகன் பட் தன் மோகன வீணையில் ரை கூடரோடு வாசித்த தட்டுக்கு 1994இல் கிராமி விருது கிடைத்தபோது, இந்திய வழுக்குக் கிட்டாரை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இருவரையும் நான் விரும்பிக் கேட்கிறேன். என்றாலும் ஆலாபனையின் முதற் பத்து நிமிடத்துக்கு நான் திரும்பத் திரும்பப் போவது காப்ராவிடம்தான். அவர் 2018 ஏப்ரலில் அகமதாபாத்தில் காலமானார். இங்கே எந்த வானொலியாவது அன்று அவரை நினைத்து ஒரு தட்டைப் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கண்டியில் கிட்டாருக்குக் குறைவில்லை. பாடசாலை வாத்தியக் குழு, தேவாலயப் பாடகர் குழு, கல்யாண வீட்டு இசைக்குழு எங்கும் கிட்டார்கள் இருக்கின்றன. கற்பிப்பதெல்லாம் கோர்ட் பிடித்துத் தாளத்துக்கு அடிப்பதுதான். கர்நாடக சங்கீதம் படிக்கும் பிள்ளைகள் வீணைக்கோ வயலினுக்கோ போகிறார்கள். அவற்றை வாங்கக் கட்டுப்படியாகாத வீட்டுப் பிள்ளைகள் பாட்டோடு நின்றுவிடுகிறார்கள். மூலையில் கிடக்கும் பழைய ஆறு தந்திக் கிட்டார் ஒன்றே இந்தக் கலைக்குப் போதும். நட்டின்மேல் பொருத்தும் சிறிய உலோகத் துண்டால் தந்திகளை உயர்த்தலாம். கிடைக்காவிட்டால் வைரமான மரத்துண்டைச் செதுக்கிப் பொருத்தலாம். தந்திகளை ச, ப, மேல் ச என்று பிள்ளையின் குரலுக்கு ஏற்ற சுருதியில் கூட்டலாம். கட்டைக்குத் தேவை வழவழப்பும் கனமும் மட்டுமே.

முதற் பாடம் ஒரே தந்தியில் சரளி வரிசை. விரைவுபடுத்த வேண்டாம். கட்டை தந்தியை அழுத்தாமல் தொட ஒரு மாதம் போகட்டும். பின் விரல்கள் கூட வரப் பழக இன்னொரு மாதம். அதன் பிறகு ஆசிரியர் ஒரே ஒரு சுரத்தை எடுத்துக்கொள்ளவேண்டும். ரி-யை ச-விலிருந்து ஏறி வாசிக்கச் சொல்லவேண்டும். பிறகு அதே ரி-யை க-விலிருந்து இறங்கி வாசிக்கச் சொல்லவேண்டும். சுருதி இரண்டிலும் ஒன்றேதான். இரண்டும் ஒரே மாதிரிக் கேட்கிறதா என்று பிள்ளையிடம் கேட்டு, பதில் சொல்ல அவகாசம் கொடுக்கவேண்டும்.